பெரிய: ஓர் அடைமொழியின் உறவுமுறை

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு சொல்லா? அதுவும் 'பெரிய' என்ற சொல்லா? வேறு பெரிய விஷயம் ஏதும் கிடைக்கவில்லையா?" எனக்கு வேண்டிய எடுத்துக்காட்டை அவரே கொடுத்துவிட்டார். அவர் சொன்ன 'பெரிய விஷயம்' எத்தனை அடி நீளம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொலைபேசியை வைத்திருப்பார். அளவைக் குறிக்கும் சொல் என்று நாம் பள்ளியில் படித்த ஒரு சொல், வாழ்க்கையில் பாதி நேரம் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. பிறகு எதைப் பற்றிப் பேசுகிறது? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். அதற்குத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் விடத் தோதான ஊர் இல்லை என்பது என் கட்சி.

இந்தப் பேச்சுக்கு வித்து அயர்லாந்திலிருந்து வந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி டப்ளினில் செவிலியராக இருக்கிறாள். வேலைக்கு ஆங்கிலமே போதும். ஆர்வத்துக்காக மாலை வகுப்பில் ஐரிஷ் மொழி படிக்கிறாள். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவள் குரல்: "மாமா, இங்க பெரிசுக்கு மோருன்னு பேரு! அதோட விட்டாங்களா? ஆம்பளைன்னா மோர், பொம்பளைன்னா வோர். இது என்ன கூத்து?" சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தலைத் தேடி அலையும் ஊர்க்காரனுக்கு மோரை விடப் பெரியது எது என்று பதில் அனுப்பினேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

கூத்து இதுதான். ஐரிஷ் மொழியில் பெயர் முன்னே வரும், அடைமொழி பின்னே வரும். 'ஃபார்' என்றால் ஆண். 'ஃபார் மோர்' என்றால் பெரிய ஆண். 'பான்' என்றால் பெண். பெரிய பெண் என்று சொல்லும்போது 'பான் வோர்' ஆகிவிடும். முன்னால் நிற்பது பெண்பாற் பெயர் என்றால், பின்வரும் அடைமொழியின் முதல் மெய் இளகும். பன்மை வந்தால் கடைசியில் ஓர் உயிரும் ஒட்டிக்கொள்ளும். உயிரில்லாத பொருளுக்கும் இந்தப் பால் உண்டு. கடற்கரை அங்கே பெண்பால். அதனால் 'பெரிய கடற்கரை' என்று பெயர்பெற்ற ஊர் ஐரிஷில் 'ட்ரா வோர்'. ஆங்கிலக்காரர் காதில் இந்த இளகல் ஏறவில்லையோ என்னவோ, அவர்கள் எழுத்தில் அவ்வூர் டிராமோர். வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த அடைமொழியைப் பெயரை விட்டுப் பிரித்து, 'அவர்கள் பெரியவர்கள்' என்று பயனிலையாக்கினால் நடப்பதுதான் வேடிக்கை. அப்போது 'மோர்' அசையாது. ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, மோர் மோர்தான்.

நம் வீட்டுக்கு வாருங்கள். பெரிய ஆண், பெரிய பெண், பெரிய மாடு, பெரிய மாடுகள் என்று பெயருக்கு முன்னால் நிற்கும்போது 'பெரிய' கல்லாக நிற்கிறது. பாலும் எண்ணும் அதைத் தொடுவதில்லை. ஆனால் பயனிலையாக நிறுத்துங்கள். அவன் பெரியவன், அவள் பெரியவள், அது பெரியது, அவை பெரியவை. பழைய தமிழில் இன்னும் ஒருபடி மேலே: யான் பெரியேன், நீ பெரியை, அவர் பெரியர். தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் உள்ளே ஏறிவிட்டன. ஐரிஷ்காரர் எங்கே மாற்றுகிறாரோ அங்கே நாம் மாற்றுவதில்லை. அவர் மாற்றாத இடத்தில் நாம் மாற்றுகிறோம். அவர் வாக்கியம் வினையில் தொடங்கும், நம் வாக்கியம் வினையில் முடியும். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் இடக்கை வலக்கையாவதுபோல!

தமிழில் 'பெரியது' 'பெரியவன்' என்று ஏன் ஆள் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது? நம் இலக்கணிகள் தந்த விடை எனக்கு மிகவும் பிடிக்கும். தொல்காப்பியத்திலிருந்து நமக்குச் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. இதில் அடைமொழிக்கென்று தனி அறை கிடையாது. 'பெயரடை' என்பது பிற்காலத்தில் நாம் கட்டிக்கொடுத்த திண்ணை. உரிச்சொல் என்ற அறையில் பண்பைச் சொல்லும் சொற்கள் சில இருக்கின்றன. பெருமை என்ற பொருளுக்கே தட, கய, நளி என்று மூன்றைத் தொல்காப்பியம் காட்டுகிறது. ஆனால் 'பெரிய'வை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. 'பெரியன்' என்பது குறிப்பு வினைமுற்று. 'பெரிய' என்பது குறிப்புப் பெயரெச்சம். அதாவது இரண்டும் வினையின் பிள்ளைகள்! காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை, அவ்வளவுதான். 'வந்த மனிதன்' என்பதில் 'வந்த' எப்படியோ அப்படியே 'பெரிய மனிதன்' என்பதில் 'பெரிய'. பெரியதாக இருப்பதும் ஒரு செயல். செயல் என்றால் செய்பவர் ஒருவர் வேண்டும். முற்றாக நிற்கும்போது அந்த ஆளை விகுதி காட்டிவிடுகிறது; எச்சமாக நிற்கும்போது ஆள் பின்னால் வரப்போகிறார் என்பதால் காத்திருக்கிறது. எச்சம் என்ற சொல்லே அந்தக் காத்திருப்பைத்தான் சொல்கிறது.

இதை மேலைமொழி இலக்கணத்தின் கண்ணோடு பார்த்துத் திகைத்தவர் ஒருவர் உண்டு. அவரும் அயர்லாந்தில் பிறந்தவர் என்பது இன்றைய தலைப்புக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ராபர்ட் கால்டுவெல், 1814இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் கிளேடியில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர், அவரை ஐரிஷ் பேசியவராக்கிவிடவேண்டாம். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் அடைமொழிகள் பால், எண், வேற்றுமை எதற்கும் வளையாதவை என்றும், அவை பெயருக்கு முன்னால் நிற்கும் பண்புப்பெயர்களோ பெயரெச்சங்களோதாம் என்றும் எழுதினார். லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு வந்தவருக்கு இது ஒரு குறையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் குறையென்று தள்ளாமல் உள்ளதை உள்ளபடி பதிந்தார். நம் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1815. அவர் பட்டத்தில் வரும் 'மகா'வும் பெரியதுதான். வடமொழியில் பால், எண், வேற்றுமைக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் சொல், தமிழுக்கு வந்ததும் நம் 'பெரிய' மாதிரியே விறைத்து நிற்கக் கற்றுக்கொண்டது.

இனிச் சொல்லின் உடம்பைக் கொஞ்சம் அறுத்துப் பார்ப்போம். மாணவர்களுக்கு இது தேர்வில் வரும். மற்றவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பெருமை என்ற பண்புப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது என்ன ஆகும் என்பதை நன்னூல் 136ஆம் சூத்திரம் சொல்கிறது. முதலில் 'மை' போய்விடும், மிஞ்சுவது 'பெரு'. பின்னால் மெய்யெழுத்து வந்தால் பெருங்கடல், பெருந்தேவி, பெருவெள்ளம். நம் பக்கத்தில் முக்கொம்பிலிருந்து பிரியும் பெருவளை வாய்க்கால். உயிரெழுத்து வந்தால் முதலெழுத்து நீண்டு 'பேர்' ஆகும்: பேரூர், பேராசிரியர், பேரிடர். இதற்கு ஆதிநீடல் என்று பெயர். இன்னொரு வழியும் உண்டு. நடுவிலுள்ள உகரம் இகரமாகி, 'பெரு' 'பெரி' ஆகும். அதோடு 'அன்' சேர்ந்தால் பெரியன். இந்தப் 'பெரி'யோடு பெயரெச்ச விகுதியாகிய 'அ' சேர்ந்ததுதான் நம் கதாநாயகன்.

இரண்டு வழிகளும் திறந்திருப்பதால் ஒரு விசித்திரம். 'பெருமை + ஆறு' என்பதை ஒரு வழியில் போனால் பேராறு. மறுவழியில் போனால் பெரியாறு. பொருள் ஒன்றே. கேரளத்தில் பேராறு என்பது பாரதப்புழைக்கு வழங்கிய பழைய பெயர். பெரியாறு முற்றிலும் வேறொரு நதி. ஒரே புணர்ச்சியின் இரண்டு விடைகள் இரண்டு ஆறுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் கொள்ளிடம் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் காவிரியை விட அதிகத் தண்ணீரைத் தாங்குவது அதுதான். அதை ஒருவரும் பெரியாறு என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

'பேர்' என்று கண்டதும் பெருமை என்று பாய்ந்துவிடவேண்டாம். 'பேரன்' பெரியவன் அல்லன். பாட்டன் பெயரைத் தாங்கும் பெயரன். விடைத்தாள்களில் ஆண்டுதோறும் இந்தப் பேரனைப் பெரியவனாக்கியவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். நம் 'பெரு'வும் எல்லா இடத்திலும் நன்னூலைப் படித்துவிட்டு நடப்பதில்லை. தஞ்சையில் 'பெரு + உடையார்' பேருடையார் ஆகவில்லை. பெருவுடையார் என்றே வழங்குகிறார்.

குடும்பத்துக்குள் வந்தால் இந்த இலக்கணம் உயிரோடு நடமாடுகிறது. பெரி + அப்பா = பெரியப்பா. அதற்கு எதிர், சிறு + அப்பா, இங்கே முதல் நீளாமல் ஒற்று இரட்டித்துச் சிற்றப்பா, பேச்சில் சித்தப்பா. ஸ்ரீரங்கத்து அக்ரகார வீடுகளில் 'பெரிப்பா', 'பெரிம்மா' என்று கேட்டிருப்பீர்கள். கொச்சை என்று முகம் சுளிக்காதீர்கள். நன்னூல் சொன்ன அந்தப் 'பெரி'யைப் பிசிறில்லாமல் வைத்திருப்பது இந்தச் சொற்கள்தாம்.

பெரியம்மா என்றால் உருவத்தில் பெரிய அம்மாவா? என் பெரியம்மா என் தாயின் தோளுக்குத்தான் இருப்பார். அம்மாவுக்கு அக்கா என்பதால் பெரியம்மா. ஐரிஷிலும் 'பெரிய அம்மா' உண்டு. 'மாஹிர் வோர்' என்பார்கள். ஆனால் அங்கே அது பாட்டி! ஒரே இரண்டு சொற்கள், இங்கே அம்மாவின் பக்கத்தில் நிற்கின்றன, அங்கே ஒரு தலைமுறை மேலே ஏறி நிற்கின்றன. இரண்டு இடத்திலும் அளவு கிடையாது. யாருக்கு யார் முந்தியவர் என்ற முறைதான் இருக்கிறது.

ஐரிஷ் அடைமொழியைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட்டு அந்தத் தீவை விட்டு நம் தீவுக்கு வருகிறேன். ஒன்றை நான் மிக மதிக்கிறேன் என்பதற்கு அங்கே 'அது என்னிடம் பெரிது' என்று சொல்வார்கள். அந்த 'என்னிடம்' என்ற சொல்லின் ஒலி என்ன தெரியுமா? 'அகம்'. நம் அகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலியை மட்டும் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிடாதீர்கள் என்று பின்வரிசை மாணவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கருத்து நம்முடையதுதான்: 'எனக்கு உங்கள் வார்த்தை பெரிது' என்று நாமும் சொல்கிறோம். எதிர்மறையில்தான் பாதை பிரிகிறது. 'எனக்கு அது பெரிதில்லை' என்று நாம் சொன்னால் அலட்சியம். அதே சொற்களை ஐரிஷ்காரர் சொன்னால் 'நான் அதைச் செய்தே ஆகவேண்டும்' என்று பொருள். அதிகப்படி ஒன்றுமில்லை, ஆகவே வேண்டியதுதான் என்று அந்தச் சிந்தனை ஓடுகிறது. அகராதியில் 'மோர் = பெரிய' என்று ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தால் இதெல்லாம் விழுந்துபோகும்.

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். முதலில் கண்ணில் படுவது தெற்கு ராஜகோபுரம்: 13 நிலை, 236 அடி, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு. ஊரிலேயே உயரமானது அதுதான். அதைப் 'பெரிய கோபுரம்' என்று யாராவது சொல்லக் கேட்டதுண்டா? ராஜகோபுரம் என்கிறோம். கிழக்கே இருப்பது வெள்ளைக் கோபுரம். உள்ளே ரங்கா ரங்கா கோபுரம். உயரத்தால் அடைமொழி கிடைப்பதாக இருந்தால் முதலில் தகுதி பெறுவது ராஜகோபுரம், அதற்குக் கிடைக்கவில்லை. பல திருச்சுற்றுகள் தாண்டி, வெளிச்சம் குறைந்து, கூரை தாழ்ந்த கருவறைக்குள் போனால் அங்கே பள்ளிகொண்டிருப்பவருக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்: பெரிய பெருமாள்.

இந்தத் தொடரை நிறுத்திப் பார்க்கவேண்டும். 'பெருமாள்' என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே 'பெரு' இருக்கிறது. உள்ளே ஒரு பெருமை உறைந்துபோய்ப் பெயராகிவிட்டது. அதன்மேல் இன்னொரு பெருமையை அடையாகப் போர்த்தியிருக்கிறார்கள். கூறியது கூறலா? திருமேனி நீளத்தைச் சொல்ல வந்ததா? சம்பிரதாயம் சொல்லும் விடை வேறு. வைணவ வழக்கில் இராமனுக்குப் பெருமாள் என்று பெயர். இலக்குவன் இளையபெருமாள். அந்த இராமனின் குலமே வழிவழியாக வணங்கிய தெய்வம், பிறகு வீடணன் கையில் இங்கே வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் அரங்கன், பெருமாளுக்கும் பெருமாள். ஆகவே பெரிய பெருமாள். பெருமாள், இளைய பெருமாள், பெரிய பெருமாள். ஒரு வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லும் வரிசையில்தான் இது அமைந்திருக்கிறது. பெரியம்மாவில் இருக்கும் அதே 'பெரிய'.

உற்சவருக்கு இந்த அடை கிடையாது. அழகிய மணவாளன் என்று முதலில் பெயர். படையெடுப்புக்கு அஞ்சி ஊரை விட்டுப்போய், பல ஆண்டுகள் ஊர் ஊராக இருந்து, 1371இல் திரும்பி வந்தவர். இவர்தானா அவர் என்று ஊர் தயங்கியபோது, பார்வையிழந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் திருமஞ்சன ஆடையின் வாசனையை வைத்து, நம் பெருமாள்தான் என்று சொன்னதாகக் கதை. அன்றுமுதல் நம்பெருமாள். உள்ளே கிடப்பவர் பெரியவர். வெளியே வந்து வீதியில் உலாவுகிறவர் நம்மவர்.

கோயிலுக்கே பெரிய கோயில் என்று பெயர். தஞ்சையும் பெரிய கோயில்தான். தஞ்சைக்குக் கிடைத்த அடை விமானத்தைப் பார்த்து வந்தது. 1010இல் முடித்த அந்தக் கல்மலையை அண்ணாந்து பார்க்கிறவன் வாயில் வேறு சொல் வராது. ஸ்ரீரங்கத்துக்குக் கிடைத்ததும் பரப்பால் என்று வாதிடலாம். 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று. ஆனால் வைணவர்கள் அடையே இல்லாமல் 'கோயில்' என்று மொட்டையாகச் சொன்னாலும் இதுதான். மற்றவற்றுக்கெல்லாம் முதலாவது என்பதுதான் இங்கே 'பெரிய'வின் பொருள் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஊர் இச்சொல்லை எப்படியெல்லாம் ஆண்டிருக்கிறது என்று பாருங்கள். தாயார் பெரிய பிராட்டி. கருடன் பெரிய திருவடி, அனுமன் சிறிய திருவடி. கருட மண்டபத்துக் கருடனை அண்ணாந்து பார்த்தவர்கள் இது அளவுதான் என்பார்கள். ஆனால் சின்னஞ்சிறு கோயிலில் முழ உயரத்தில் கைகூப்பி நிற்கும் கருடனும் பெரிய திருவடியே. மணவாள மாமுனிகள் பெரிய ஜீயர். திருமலையில் பெரிய ஜீயரும் சின்ன ஜீயரும் இன்றும் இரண்டு பதவிகள். இருவரின் உயரத்தையும் யாரும் அளப்பதில்லை. இராமானுசரின் ஆசாரியர்களில் 'நம்பி' என்ற பெயர் பலருக்கு. அவர்களுள் ஒருவர் பெரிய நம்பி, இன்னொருவர் பெரிய திருமலை நம்பி.

நூல்களில்தான் என் வாதத்துக்கு நல்ல சாட்சி இருக்கிறது. திருமங்கையாழ்வாரின் இரு மடல்களில் நீளமானது பெரிய திருமடல், குறுகியது சிறிய திருமடல். அவருடைய பெரிய திருமொழியில் 1084 பாசுரங்கள். இதுவரை அளவுகோல் சரி. ஆனால் நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதியை எடுங்கள். 87 பாட்டு. முதலாழ்வார்கள் மூவரின் அந்தாதிகள் நூறு நூறு பாட்டு. நான்முகன் திருவந்தாதி 96. அந்தாதிகளிலேயே எண்ணிக்கையில் சிறியதற்குப் 'பெரிய' என்று பெயர்! பொருளின் பெருமையால் என்று ஆசிரியர்கள் விளக்கம் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறு: அளவுகோலைக் கீழே போட்டுவிட இந்த ஒரு நூலே போதும்.

ஜோடியில்லாத பெரியவர் ஒருவரும் உண்டு. பெரியாழ்வார். சிறியாழ்வார் என்று எவரும் இல்லை. இறைவனுக்கே காப்புப் பாடுவதில் மற்ற ஆழ்வார்களை விஞ்சிப் பொங்கிய பரிவால் அந்தப் பெயர் என்று மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் காரணம் சொல்கிறார். பிள்ளைக்குக் கண்ணேறு கழிக்கும் வேலை வீட்டில் யாருடையது? பெரியவர்களுடையது. அந்த ஸ்தானத்தைத்தான் பெயர் சொல்கிறது. சிறியாழ்வார் இல்லையே தவிர இளையாழ்வார் இருக்கிறார்: இராமானுசரின் இளமைப் பெயர் அது. இலக்குவனை நினைத்து வைத்தது, பெரியாழ்வாருக்கு எதிராக வைத்ததன்று. வைத்தவர் அவருடைய தாய்மாமன், முன்னே சொன்ன பெரிய திருமலை நம்பி.

பெரியாழ்வாரையும் பெரியவாச்சான் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் 'பெரிய', இரண்டிலும் அடுத்து வருவது ஆகாரம். ஒன்றில் பெரி + ஆழ்வார், பெயரெச்ச அகரம் இல்லாமல் ஒட்டிப் பெரியாழ்வார். மற்றதில் அகரம் அப்படியே நிற்க, வகர உடம்படுமெய் வந்து பெரிய + ஆச்சான் = பெரியவாச்சான். முதலாவது ஒரே சொல்லாக இறுகிவிட்டது. இரண்டாவதில் அடைமொழியும் பெயரும் இன்னும் தனித்தனியாக மூச்சுவிடுகின்றன. சேங்கனூரில் பிறந்து, இங்கே நம்பிள்ளையிடம் பாடம் கேட்டு, நாலாயிரத்துக்கும் உரை எழுதியவரின் பெயருக்குள் இந்த வகரம் இத்தனை நூற்றாண்டு கரையாமல் நிற்பது எனக்குப் பெரிது.

இறுகும் வழக்கம் ஆழ்வார்களோடு நின்றுவிடவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் காதில் விழும்: "பெரியாஸ்பத்திரி போகுமா?" போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல்லைப் பிடித்து, பெரியாழ்வாருக்குச் செய்த அதே புணர்ச்சியைச் செய்து, அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் பெயராக்கியவர்கள் பேருந்தில் போகிற நம் மக்கள். எத்தனை மாடித் தனியார் மருத்துவமனை வந்தாலும் பெரியாஸ்பத்திரி என்ற பெயர் அதற்குப் போகாது. நோயிலும் இப்படித்தான். பெரியம்மை, சின்னம்மை என்று நாம் ஜோடி சேர்த்தோம். ஆங்கிலேயர் அதே பெரியம்மைக்குச் 'சின்ன' என்று அடை கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்த நோய் வேறு, அது மேகநோய். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் இந்தச் சொல் வாய் திறக்கிறது. கொள்ளிடத்துக்கு அது கிடைக்காததும் அதனால்தான். முறையில் காவிரி தாய். கொள்ளிடம் அவளிடமிருந்து பிரிந்துபோன கிளை. எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் பிள்ளையைப் பெரியவள் என்று தாய்க்கு முன்னால் யார் சொல்வார்கள்?

வசையிலும் இதே வேலை நடக்கிறது. "பெரிய கலெக்டரு!" என்றால் கலெக்டர் இல்லை என்று பொருள். "பெரிய இவரு" என்றால் பெயர்கூடச் சொல்லத் தகாதவர். பல ஊர்களில் 'பெரிய காரியம்' என்றால் சாவு. வீட்டுக் கிழவரைப் 'பெரிசு' என்று அஃறிணையில் சொல்வதில் பாதி அன்பு, பாதி அலுப்பு.

ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு சிலை இருக்கிறது. 2006 டிசம்பரில் நிறுவப்பட்டபோது நடந்த சச்சரவுகளை நீங்கள் அறிவீர்கள். அதற்குள் நான் போகவில்லை. சிலையில் இருப்பவருக்குப் பெரியார் என்ற பட்டம் 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் வழங்கப்பட்டது. பெரி + ஆர். குறளில் இரண்டு அதிகாரத் தலைப்புகளில் வரும் சொல். உள்ளே பெரிய பெருமாள், வெளியே பெரியார். நடுவே ஒரு சாலை. இருதரப்பாருக்கும் அடிச்சொல் ஒன்றே என்பதை இலக்கணம் மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தக் கட்சியும் கிடையாது.

ஒரு சந்தேகத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பெரியபுராணம் என்றால் பெரிய புராணமா, பெரியரின் புராணமா? பெரியர் + புராணம் என்று பிரித்தாலும் ஈற்றில் ரகரம் கெட்டுப் பெரியபுராணம்தான். சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம் என்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. அப்படியானால் அங்கே இருப்பது அடைமொழியே அன்று, அடைமொழிபோல் வேடமிட்ட ஆட்கள்.

கடைசியாக, பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடை வீதியும் சின்னக் கடை வீதியும் இருக்கின்றன. பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. ஆகவே 'பெரியக்' என்று ஒற்றுப் போடக்கூடாது. சின்னவனிடம் மட்டும் நாக்கு ஒற்றுக் கேட்கிறது. பெரியதம்பி, ஆனால் சின்னத்தம்பி. பெரியசாமி, ஆனால் பலர் வாயில் சின்னச்சாமி. 'சின்ன' இன்னும் முழுப் பெயரெச்சமாகவில்லை, உள்ளுக்குள் பெயராகவே இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். அதை நிறுவ என்னிடம் போதிய சான்று இல்லை.

அந்தச் சான்றுக்கு உங்கள் உதவி வேண்டும். வாசலில் ஒரு மாணவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி இவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே, திருத்தாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த ஊர் வழக்கு என்பதையும் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம்.